கணவருக்குச் சம்பளம், மனைவிக்குச் சொந்தத் தொழில்: வருமான வரிக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

கல்லிடைக்குறிச்சியில் குடியிருந்து பாளையங்கோட்டைப் பள்ளிக்கு வேலைக்குச் சென்றுவரும் ஆசிரியர் ஒருவரையும், வீட்டுப் பின்கட்டில் நான்கு பெண்களை வைத்து அப்பளம் போடும் அவர் மனைவியையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடலாமா என்பதே இவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. போட முடியாது. நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தில் தம்பதியருக்குக் கூட்டுக் கணக்கு என்ற ஒன்று கிடையாது. ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனி வருமானம், தனி வரி, தனி ரிட்டர்ன் என்பதுதான் விதி. போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டம் செல்லும் கோவா போன்ற பகுதிகளில் மட்டும், சம்பளம் நீங்கலான வருமானத்தைக் கணவனுக்கும் மனைவிக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கும் தனி ஏற்பாடு இருக்கிறது.

கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு உரியவை. 2025 ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், அதற்கு முந்தைய நாள் வரை ஈட்டிய வருமானத்துக்கு 1961 ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

மனைவியின் தொழிலில் அந்த ஆண்டு 24 லட்சம் ரூபாய்க்கு விற்பனை நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரிகள் வங்கி வழியாகவும் ஜிபே வழியாகவும் அனுப்பியது 15 லட்சம், ரொக்கமாக வந்தது 9 லட்சம். சிறுதொழில் செய்வோருக்கான உத்தேச வரித் திட்டமாகிய 44ஏடி பிரிவின்படி, வங்கி வழி வரவில் 6 சதவீதமும் ரொக்க வரவில் 8 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படும். அதாவது 90,000 ரூபாயும் 72,000 ரூபாயும் சேர்ந்து 1,62,000 ரூபாய். உளுந்து, எண்ணெய், கூலி என்று செலவுகளை இதிலிருந்து மறுபடியும் கழிக்க முடியாது. இந்தச் சதவீதம் குறைந்தபட்ச அளவுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உண்மையான லாபம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் தொகையையே காட்ட வேண்டும். விற்பனை 2 கோடிக்குள் இருப்பவர்கள் இதைப் பயன்படுத்தலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை செல்லும். கமிஷன் வருமானக்காரர்களுக்கு, அதாவது காப்பீட்டு முகவர் போன்றோருக்கு, இத்திட்டம் இல்லை.

இனி நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். திருமணத்தால் வருமானங்கள் ஒன்று சேர்வதில்லை. ஆனால் ஒருவர் பணம் மற்றவர் தொழிலுக்குள் போனால் அவை சேர்கின்றன. அப்பளத் தொழிலில் போட்டிருக்கும் மூலதனம் ஆண்டுத் தொடக்கத்தில் 5 லட்சம் என்றும், அதில் 2 லட்சம் கணவர் தம் சம்பளத்திலிருந்து முன்பே சும்மா கொடுத்தது என்றும் கொள்வோம். அந்த 2 லட்சத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் கணவரிடமிருந்து பெறும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனால் 64 ஆம் பிரிவின்படி, ஏப்ரல் 1 அன்று மூலதனத்தில் அந்தப் பணம் வகிக்கும் பங்குக்கு, அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கு, உரிய லாபம் கணவரின் வருமானத்தில் சேரும். 1,62,000 ரூபாயில் அது 64,800 ரூபாய்.

சிறு தொகைதானே என்று தோன்றும். கணவரின் ஆண்டுச் சம்பளம் 12,60,000 ரூபாய் என்றால், புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 11,85,000 ரூபாய்; 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி ஏதும் இல்லை. 64,800 ரூபாய் சேர்ந்ததும் அது 12,49,800 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. எல்லை தாண்டியவருக்கு உள்ள நிவாரணப்படி, தாண்டிய தொகையாகிய 49,800 ரூபாயே வரியாகவும், அதன்மேல் 4 சதவீத செஸ் என்னும் மேல்வரியும் வரும். மொத்தம் 51,792 ரூபாய். பள்ளியில் பிடிக்கும் டிடிஎஸ்ஸில் இது வந்திருக்காது. ஆகவே முன்கூட்டியே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், அல்லது தாமே முன்கூட்டு வரி கட்ட வேண்டும், இல்லையேல் வட்டியும் சேரும். வழக்கமாக அவர் நிரப்பும், சகஜ் எனப்படும் ஐடிஆர்-1 படிவமும் அந்த ஆண்டு பொருந்தாது.

இதே 2 லட்சத்தை உண்மையான கடனாகக் கொடுத்து, வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பி, திருப்பிச் செலுத்தும் விவரத்தை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அதன்படி மாதாமாதம் திருப்பியும் வந்தால் இந்தச் சேர்ப்பு விதி பொருந்தாது. பிறந்த வீட்டில் போட்ட நகையை அடகு வைத்து மனைவி மூலதனம் திரட்டினாலும் அப்படியே, அந்த லாபம் முழுவதும் அவருடையதுதான். கடன் என்று பெயருக்கு எழுதிவிட்டு ஒரு தவணையும் திருப்பாமல் இருப்பதை நான் யாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டேன்.

கணவர் தொழில் செய்து, மனைவிக்குச் சம்பளம் போட்டுச் செலவாகக் காட்டுவதும் நம் பக்கம் வழக்கம். தொழிற்படிப்போ நுட்ப அறிவோ இருந்து அதற்காகவே பெறும் சம்பளம் என்றால் அது மனைவியின் வருமானம்; மருந்தியல் படித்தவர் கணவரின் மருந்துக்கடையைப் பார்த்துக்கொள்வது போல. மற்றபடி அது கணவர் கணக்கிலேயே சேரும். உத்தேசத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தச் செலவைக் கழிக்கவே வழியில்லை.

கணவர் பழைய முறை, புதிய முறை இரண்டில் ஒன்றை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம் என்பது தொழில் வருமானம் இல்லாத வரைக்கும்தான். தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டும். பின்னர் புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் உள்ளவரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது.

மேற்சொன்ன மனைவியின் வருமானம் புதிய முறையில் வரியில்லா எல்லையாகிய 4 லட்சத்துக்குக் கீழ்தான் என்பதால் ரிட்டர்ன் கட்டாயமில்லை. இருந்தாலும் சுகம் எனப்படும் ஐடிஆர்-4 படிவத்தைப் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் தொழிற்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும். ஆதார் வழியாகச் சரிபார்ப்பதானால், அதற்கான எண் ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் வரும். மனைவியின் ஆதாரில் பழைய எண்ணோ வேறு யாருடைய எண்ணோ இருந்தால், தாக்கலுக்கு முன்பே அதை அவருடைய சொந்த எண்ணாக மாற்றிக்கொண்டுவிட வேண்டும்.