போஸ்டரில் "நேஷனல் லெவல்" என்று போட்டிருந்தால் மட்டும் போதுமா? இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளின் தரம் பார்ப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் கிளப் ஆண்டுவிழா நோட்டீசில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டத்தோடு பி.ஜி.எம்.ஐ. கப்பும் (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு; கடைசிவரை தாக்குப்பிடிக்கும் அணி ஜெயிக்கும் சுடும் கேம்) இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டது. வாளையார் தாண்டினால் கோவைக் கல்லூரி விழாக்கள். போஸ்டர் தமிழிலும் இருக்கும், மலையாளத்திலும் இருக்கும். நடுவில் கொட்டை எழுத்தில் "நேஷனல் லெவல்", அதற்குக் கீழே பரிசுத்தொகை. போட்டி நடத்துவதும் பாயிண்ட்ஸ் டேபிள் போடுவதுமே வேலையாக இருக்கும் எங்களிடம் பசங்களும் பெற்றோர்களும் கேட்பது ஒன்றுதான்: இதில் ஜெயித்தால் அதற்கு மதிப்பு உண்டா?

கிரிக்கெட்டுக்கு ஐ.சி.சி., கால்பந்துக்கு ஃபிஃபா இருப்பதுபோல இ-ஸ்போர்ட்ஸ் எனும் வீடியோ கேம் போட்டிகள் முழுவதற்கும் தரவரிசை போடும் பொது அமைப்பு கிடையாது. ஒவ்வொரு கேமும் ஒரு கம்பெனியின் சொத்து. எந்தப் போட்டி உச்சம் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. ரசிகர்கள் தொகுக்கும் லிக்விபீடியா போன்ற தளங்கள் போட்டிகளை எஸ், ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருக்கின்றன. ஆட்டக்காரர்கள் மனதில் வேறொரு கணக்கு ஓடும். இந்த மூன்றும் எல்லா நேரமும் ஒத்துப்போகாது.

ஒத்துப்போகாத இடங்களில் பணம்தான் அதிகம் ஏமாற்றும். வால்வ் கம்பெனியின் கணினி கேமான டோட்டா 2வின் உச்சப் போட்டி தி இன்டர்நேஷனல். 2021இல் அதன் பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தொட்டது. கேமுக்குள் விற்கும் பேட்டில் பாஸ் வருமானத்தில் கால் பங்கு பரிசில் சேர்ந்ததுதான் காரணம். 2023இல் அந்தப் பழைய பேட்டில் பாஸை வால்வ் கம்பெனி கைவிட்டதும் தொகை ஏறத்தாழ 32 லட்சம் டாலராகச் சரிந்தது. அதே ஆண்டு இன்னொரு டோட்டா 2 போட்டியான ரியாத் மாஸ்டர்ஸில் பரிசு 1.5 கோடி டாலர். இரண்டையும் ஜெயித்தது ஒரே அணி, டீம் ஸ்பிரிட். பணம் ரியாத்தில்தான் அதிகம். ஆனாலும் அந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, 2021, 2023 என்று இரண்டு முறை இன்டர்நேஷனல் வென்ற அணி என்பதைத்தான். செவன்ஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செவன்ஸில் கூட்டமும் காசும் எவ்வளவு புரண்டாலும், மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்தில் ஆடினேன் என்று சொல்வதன் எடை வேறு.

எதிர்ப்பக்க உதாரணம் 2019 ஃபோர்ட்நைட் வேர்ல்ட் கப். மொத்தம் 3 கோடி டாலர், சோலோவில் ஜெயித்த 16 வயதுப் பையன் பூகாவுக்கு 30 லட்சம். அடுத்த ஆண்டு அது நடக்கவில்லை. வருடா வருடம் நடந்து, பழைய சாம்பியனைப் புதியவன் தோற்கடித்தால்தான் ஒரு பட்டத்துக்குக் கனம் ஏறும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமின் உலகப் போட்டியான வேர்ல்ட்ஸ் 2011 முதல் விடாமல் நடப்பதால்தான் கொரிய வீரர் ஃபேக்கர் எத்தனை தடவை ஜெயித்தார் என்று எண்ணிப் பேச முடிகிறது.

ஒருவரோடு ஒருவர் மோதும் ஃபைட்டிங் கேம்களில் இது இன்னும் தெளிவு. அவற்றின் ஆண்டுத் திருவிழாவான எவோ போட்டிக்குக் கட்டணம் கட்டி யாரும் பெயர் கொடுக்கலாம், இரண்டு முறை தோற்றால் வெளியே. 2023 ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பிரிவில் 7,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் கம்பெனியே நடத்தும் கேப்காம் கப் வெற்றியாளருக்கு 10 லட்சம் டாலர் தரும் காலத்திலும், எவோ பட்டத்தை அதற்குக் கீழே வைக்கப் பலர் ஒப்பமாட்டார்கள். சொந்தக் கம்பெனியான நின்டெண்டோவின் பண ஆதரவு பெரிதாக இல்லாமல் வளர்ந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற ஃபைட்டிங் கேம் வட்டாரத்தில் ரசிகர்களே ஒரு சூத்திரம் வகுத்தார்கள்: எத்தனை பேர் ஆடினார்கள், அவர்களில் தரவரிசை ஆட்டக்காரர்கள் எத்தனை பேர். பரிசுத்தொகை அந்தக் கணக்கிலேயே இல்லை. உள்ளூர்க் கப்பை எடைபோட எங்களுக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

வால்வின் துப்பாக்கிச் சண்டை கேமான கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் உச்சம் மேஜர் என்ற போட்டி. 2013இல் 16 அணிகளோடு, 2.5 லட்சம் டாலரோடு தொடங்கியது. 2025 ஆஸ்டின் மேஜரில் 32 அணிகள், 12.5 லட்சம் டாலர். உள்ளே போக வால்வின் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். அந்தத் தரவரிசை வென்ற பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் தோற்கடித்த அணி எவ்வளவு வென்றது, அது யார் யாரையெல்லாம் தோற்கடித்தது, நேரடி மேடையில் எத்தனை வெற்றி என்பதெல்லாம் சேரும். பலவீனமான அணிகளை வரிசையாக அடித்துப் புள்ளி சேர்க்க முடியாது.

இன்னொரு சுடும் கேமான வாலரன்ட்டில் ஏணி வெளிப்படையாகவே இருக்கிறது: மேலே சாம்பியன்ஸ், அடுத்து மாஸ்டர்ஸ், பிறகு பசிபிக் போன்ற மண்டல லீக், அதற்குக் கீழே நம்மவர்கள் ஏற வேண்டிய சேலஞ்சர்ஸ் சௌத் ஏஷியா.

பி.ஜி.எம்.ஐ.யில் அதன் கம்பெனியான கிராஃப்டன் நேரடியாக நடத்தும் பி.ஜி.ஐ.எஸ்., பி.எம்.பி.எஸ். என்ற போட்டிகள் இரண்டும்தான் நாட்டின் மேல்தட்டு. எது பெரிது என்பதில் சண்டை உண்டு. எங்கள் ஓட்டு பி.ஜி.ஐ.எஸ்.ஸுக்கு. காரணம், கேமுக்குள்ளேயே நடக்கும் குவாலிஃபையரில் (தகுதிச்சுற்றில்) ஊர் பேர் தெரியாத நால்வரும் நுழையலாம். 2021இல் தொடங்கிய முதல் போட்டியில் அந்தக் கட்டத்திலிருந்து 1,024 அணிகள் மேலே போயின, பரிசு 1 கோடி ரூபாய். உலக அளவில் பப்ஜி மொபைலுக்கு ஆண்டு இறுதியில் பி.எம்.ஜி.சி. என்ற உலகச் சாம்பியன்ஷிப் உண்டு. ஃப்ரீ ஃபயர் கேம் 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் தடையில் இருப்பதால், போஸ்டரில் அந்தப் பெயர் இருந்தால் தடையில் சிக்காத மேக்ஸ் பதிப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம்மூர் போஸ்டர். முதலில் கேட்க வேண்டியது ஸ்லாட், அதாவது அணிகளுக்கான இடங்கள், எப்படி நிரம்பியது என்பது. முதலில் யூபிஐயில் பணம் போட்ட 16 அணிகளுக்கு மேட்சில் நுழைய ரூம் ஐடி, பாஸ்வேர்டு என்றால், அதில் காசர்கோட்டுப் பையன் ஒருவன் இருந்தாலும் அது நேஷனல் அல்ல, ஓபன் ரூம். குவாலிஃபையர் வைத்துச் சலித்திருந்தால் மதிப்பு ஏறும். அடுத்து, போன வருடப் பாயிண்ட்ஸ் டேபிளைக் கேளுங்கள். அதில் பி.ஜி.ஐ.எஸ். மேல்சுற்றுகள் பார்த்த அணி எத்தனை, டி1, டி2 ஸ்க்ரிம்ஸ் (முதல், இரண்டாம் தர அணிகளின் பயிற்சி மேட்ச்) ஆடும் அணி எத்தனை என்று எண்ணுங்கள். டேபிளே இல்லை என்றால் அதுவும் பதில்தான்.

பிறகு மேட்ச் எண்ணிக்கை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 16 அணி ஆடும் ஒரு மேட்சில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 6, 5, 4, 3, 2, 1, 1 புள்ளி, எதிராளியை வீழ்த்தும் ஒவ்வொரு கில்லுக்கும் 1. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி நாலு கில். சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டமான சோன் கடைசியில் யார் பக்கம் விழுகிறதோ அவர்களுக்கு அது சும்மாவே கிடைத்துவிடும். பெரிய ஃபைனல்கள் பெரும்பாலும் 3 நாள், நாளுக்கு 6 என்று 18 மேட்ச் போவது இந்த அதிர்ஷ்டத்தைக் கரைக்கத்தான். ஒரு மாலையில் 3 மேட்சோடு முடியும் கப்பில் சாம்பியன் ஆவது சந்தோஷம்தான், ஆனால் திறமைக்குச் சாட்சி ஆகாது. ஆறுக்குக் கீழே போனால் நாங்கள் அதைத் தரக்கணக்கில் சேர்ப்பதில்லை. சமபுள்ளி வந்தால் எதை வைத்துப் பிரிப்பார்கள் என்பதும் முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு வாட்ஸப்பில் முடிவு செய்தால் அடிதடிதான்.

எல்லோரும் ஒரே இடத்தில் கூடி ஆடும் லேன் என்றால் ஒரு படி மேல். எல்லோருக்கும் ஒரே நெட், ஃபோனை நடுவர் கையில் வாங்கிப் பார்க்கலாம், பதிவு செய்தவன்தான் ஆடுகிறானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லலாம். ஆன்லைனில் ஹேக், ஆள்மாறாட்டம், எமுலேட்டர் (மொபைல் கேமைக் கணினியில் ஆடவைக்கும் மென்பொருள்) மூன்றுக்கும் வாசல் திறந்தே இருக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கட்டாயம் என்றால் ஓரளவு நம்பலாம், வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதும் என்றால் கஷ்டம்.

பரிசுத்தொகைக்கு ஒரு சின்னக் கணக்கு. 64 அணி, ஆளுக்கல்ல, அணிக்கு 400 ரூபாய் என்றால் மொத்தம் 25,600. போஸ்டரில் ஒரு லட்சம் என்றால் மீதி யார் தருகிறார்கள்? ஸ்பான்சர் பெயரைக் கேளுங்கள். கேம் டைமண்டும் தள்ளுபடிக் கூப்பனும் அந்த லட்சத்துக்குள் அடங்கியிருக்கலாம், "ஸ்லாட் நிரம்பினால் மட்டும்" என்ற வரி கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கலாம். 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது, நுழைவதற்கும் நிர்வாகச் செலவுக்கும் கட்டணம் வாங்க விடுகிறது, பந்தயம் வைப்பதை விடுவதில்லை. பணவிளையாட்டு நடத்துபவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். கட்டிய காசையே திரட்டி "கில்லுக்கு 10 ரூபாய்" என்று பிரிக்கும் ரூம்கள் எந்தப் பக்கம் விழும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதில் எத்தனை ஜெயித்தாலும் பயோடேட்டாவில் எழுத முடியாது.

பெற்றோர்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றிக் கேட்பதால் ஒரு வார்த்தை. 2018 ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸ் வெறும் காட்சிப் போட்டி. ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டாட்ட கேமில் இந்தியாவின் தீர்த் மேத்தா வாங்கிய வெண்கலம் பதக்கப்பட்டியலில் ஏறவில்லை. 2023இல் நடந்த ஹாங்சோ போட்டியில்தான் பதக்கம் கணக்கில் வந்தது. அங்கே லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் தங்கம் வென்ற தென் கொரிய வீரர்களுக்கு ராணுவ சேவையில் விலக்கே கிடைத்தது. ஆட்டக்காரர் மதிப்பதும் அரசு மதிப்பதும் வேறு வேறு பட்டியல். கிளப் கப் சான்றிதழை நம்பி அட்மிஷனுக்குப் போகாமல், சேரப்போகும் கல்லூரியின் அந்த ஆண்டுப் பிராஸ்பெக்டஸில் விளையாட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

அணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது "நேஷனல் சாம்பியன்" என்று எழுதாதீர்கள், மேனேஜர்கள் அதைப் படிப்பதே இல்லை. "ஓபன் குவாலிஃபையர், 64 அணி, லேன் ஃபைனல், 12 மேட்ச், 3ஆம் இடம்" என்று எழுதிப் பாயிண்ட்ஸ் டேபிள் லிங்கையும் சேருங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊர்க் கப்பும் கம்பெனியின் இலவசக் குவாலிஃபையரும் மோதினால் குவாலிஃபையருக்குப் போங்கள். கிளப்காரர்களிடம் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டால் உங்கள் ஸ்லாட்டை வேறு அணிக்குக் கொடுத்துவிடுவார்கள், கட்டணமும் பெரும்பாலும் திரும்ப வரும்.