ஸ்பிரிங்கை மாற்றும் முன் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்

"வளைவுல வண்டி சாயுது, கொஞ்சம் டைட்டா வேணும். ஆனா பின்சீட்டுல உட்கார்றவங்களுக்குத் தூக்கிப் போடக் கூடாது." சஸ்பென்ஷன் மாற்ற நினைக்கும் பலரும் கேட்பது இதுதான். நியாயமான ஆசை, நடக்கக்கூடியதும்கூட. ஆனால் அதற்கு அவர்கள் பிடிக்கும் வழி, வண்டியைத் தாழ இறக்கும் கடினமான லோயரிங் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் பழைய ஷாக் அப்சார்பரிலேயே மாட்டுவது. சொகுசு, பிடிப்பு இரண்டும் ஒருசேரக் கெடுவது அங்கேதான்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி விரியாமல் அடக்குவது ஷாக். அந்த அடக்கத்துக்கு ரீபவுண்ட் என்று பெயர். கம்பெனி ஷாக்கின் ரீபவுண்ட் கம்பெனி ஸ்பிரிங்குக்காக அமைக்கப்பட்டது. ஸ்பிரிங் மட்டும் கடினமானால் ஒரு மேட்டைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்கும். இதைவிடப் பெரிய தொல்லை, ஷாக்கின் உள்ளே இருக்கும் இடம் குறைவது. ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டைதான் பம்ப் ஸ்டாப். அதைத் தொட 60 மி.மீ. இடம் இருந்த வண்டியை 30 மி.மீ. இறக்கினால் பாதி இடம் நின்ற நிலையிலேயே போய்விடுகிறது. பிறகு சின்னப் பள்ளத்துக்கும் 'டங்' என்று அடிக்கும். வளைவின் நடுவே வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் அந்த மூலை திடீரென்று விறைத்து, டயரின் பிடி விட்டுப்போகும். பலர் இதை 'ஸ்டிஃப் சஸ்பென்ஷன்' என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். உண்மையில் அவர்களிடம் அந்த நொடியில் சஸ்பென்ஷனே இல்லை.

உங்கள் வண்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று நீங்களே பார்க்கலாம். தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஷாக்குக்குள் போய்வரும் பளபளக்கும் கம்பியான பிஸ்டன் ராடில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, கீழே ராடு உள்ளே நுழையும் இடத்து சீல் வரை தள்ளிவிடுங்கள். இழுத்தால் நகரும் அளவு பிடிமானம் போதும். வழக்கமான ஆட்களோடு, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை மேலே ஏறி நிற்கும் இடம்தான் ஷாக் அமுங்கிய எல்லை. அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றால், அந்த வண்டியை இன்னும் இறக்குவதற்கு இடமே இல்லை என்று அர்த்தம். ராடு கீழ்ப்பக்கம் வரும்படி தலைகீழாக அமைந்த ஸ்ட்ரட்டுகளில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) மட்டும் இந்த முறை எடுபடாது.

எவ்வளவு கடினம் தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு மூலையில் சக்கரம், பிரேக் நீங்கலாக 300 கிலோ இருக்கிறது, சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் கடினம் மி.மீ.க்கு 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலை நொடிக்குச் சுமார் 1.3 முறை ஆடும். 30 நியூட்டன் போட்டால் 1.6, 60 போட்டால் 2.25. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். 2ஐத் தாண்டினால் பின்சீட்டில் இருப்பவர் நிச்சயம் முகம் சுளிப்பார். தினசரி ஓட்டும் வண்டிக்குக் கம்பெனி ஸ்பிரிங்கைவிட 20 முதல் 30 சதவீதம் கடினமானது, அதற்கென்றே பொருத்திய ஷாக்குடன் என்பதே எங்கள் பரிந்துரை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் பெட்டியில் போட்டிருக்கும் கடின எண் சக்கரத்துக்கு அப்படியே வராது. முன்பக்க மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் ஏறக்குறைய முழுதும் வரும். பின்பக்கம் ஸ்பிரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருந்தால், சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டுமே அமுங்கலாம். அப்போது சக்கரத்துக்கு வருவது அதில் பாதிதான். அதனால் 'பின் ஸ்பிரிங் எண் பெரிசா இருக்கே' என்று பதறி, முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் ஒரு கம்பெனி என்று கலக்காதீர்கள். நான்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். கிலோ/மி.மீ. கணக்கில் போட்டிருந்தால் 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் வரும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இதில் வரவே கூடாத வழி. வேலை செய்யும் 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவும்.

சாய்வு மட்டும்தான் குறை என்றால், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரை முதலில் யோசியுங்கள். 20 மி.மீ. தடிமனை 22 ஆக்கினாலே முறுக்கு விறைப்பு 46 சதவீதம் கூடும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் வேகத்தடையில் சொகுசு குறையாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது குலுக்கல் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் மட்டும் தடித்தால் வண்டி வளைவில் வெளியே தள்ளும். பின்பக்கம் அதிகம் தடித்தால் வால் வீசும், இது ஆபத்தானது.

வாங்குமுன் லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர்), ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட் எல்லாம் தேய்ந்திருக்கிறதா, டயர் காற்று சரியா என்று பாருங்கள். 195/65 R15 டயரின் பக்கச்சுவர் 127 மி.மீ., 225/45 R17இல் 101 மி.மீ. பெரிய ரிம் போட்டவர் அந்த 26 மி.மீ. மெத்தையை ஏற்கெனவே இழந்துவிட்டார்.

உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயிலோவர் வாங்குவதானால், உயரத்தை அடிப் பிராக்கெட்டில் மாற்றும் வகையாகப் பாருங்கள். ஸ்பிரிங் தட்டைத் திருகி இறக்கும் வகையில், இறக்க இறக்க ஷாக்கின் அமுங்கும் இடம் குறையும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்தான் நல்ல பொருளையும் வீணாக்குகின்றன. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் எதிரெதிரே இரண்டு போடாமல் ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் உயிருக்கே ஆபத்து. பிஸ்டன் ராடைக் குறடால் பிடித்தால் விழும் கீறல் சீலைக் கிழித்து எண்ணெய் கசியும். ராடின் உச்சியில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக் கைஸ்பானரால் முறுக்க வேண்டும். ட்வின் ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் கொண்ட) ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப், பூட்டு நட்டுகள் புதிதாகவே இருக்கட்டும்.

முக்கியமானது ரப்பர் புஷ் போல்ட். வண்டி ஜாக்கியில், சக்கரம் தொங்கும்போது அதை இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் கிழியும், வண்டியும் விறைப்பாகத் தெரியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கியபின்தான் கடைசி இறுக்கம்.

மாட்டியதும் அலைன்மெண்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிசெய்யுங்கள். ஸ்பிரிங் சில மி.மீ. படியும் என்பதால் 500 முதல் 1000 கி.மீ.க்குள் அலைன்மெண்டை மறுபடி பார்க்க வேண்டும். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு, தவறினால் டயரின் ஓரம் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ரீபவுண்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு (ஒவ்வொரு படிக்கும் ஒரு கிளிக்) வைத்த ஷாக் என்றால், கடின முனை வரை மெதுவாகத் திருகி, அங்கிருந்து எண்ணிப் பின்வாருங்கள். இடமும் வலமும் ஒரே எண் இருக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், அதுவும் முன் அல்லது பின் ஒன்று மட்டும். மேட்டைத் தாண்டியபின் மிதந்தால் ரீபவுண்டைக் கூட்டுங்கள். வரிசையாக வரும் மேடுகளில் போகப்போக வண்டி கீழிறங்கி விறைத்தால் ரீபவுண்ட் அதிகம், குறையுங்கள்.