காலியா இருக்குற கட்டம் பூஜ்யம் இல்லைங்க

போன வாரம் உடுமலைப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ரெண்டு ஏக்கர், டிரிப், மல்ச்சிங் ஷீட்டு, ஓரத்துல சொந்தமா ஒரு வெதர் ஸ்டேஷன், எல்லாமே பாத்துப் பாத்து செஞ்சிருக்காரு. ஆனா காயெல்லாம் அடியில கருத்து அழுகிக் கிடக்கு, பூ கொட்டுது, மத்தியானம் ஒரு மணிக்கு செடி தலையைத் தொங்கப் போட்டு நிக்குது. கால்சியம் ரெண்டு தடவை அடிச்சுட்டாராம். டிரிப்பருக்குக் கீழ ஒரு ஜாண் தோண்டிப் பாத்தேன், மண்ணு உதிரி உதிரியா வருது. "ஏனுங்க சார், மொபைல்ல காட்டுன அளவு குறையாமத்தானுங்களே விட்டேன்"னாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. காத்து வேகம் அளக்குற சென்சாரோட வயரை எலி கடிச்சு 19 நாள் ஆச்சு, டேட்டா வரல, வராத எடத்துல சாஃப்ட்வேர் பூஜ்யத்தைப் போட்டு அது பாட்டுக்கு தண்ணி கணக்கு சொல்லிட்டே இருந்திருக்கு.

இந்த சீசன்ல மட்டும் இது நான் பாக்குற நாலாவது தோட்டம். அதனாலதான் உக்காந்து எழுதறேன், கோவத்துலதான் எழுதறேன்.

பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில அடிக்கிற காத்து என்னன்னு இந்த ஊர்ல பொறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்தாலை சுத்துது, ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு பெரியவங்க சொன்னது இந்த மாதிரி ஊரைப் பாத்துத்தான். அந்த ஊர்ல, அந்த மாசத்துல, 19 நாள் காத்தே அடிக்கலன்னு ஒரு தண்ணிக் கணக்கு ஷீட்டு சொல்லுது, அதை விக்கிறவங்க, சர்வீஸ் பண்றவங்க யாருக்குமே அது உறுத்தலைங்கறதுதான் எனக்குத் தாங்கல.

எவ்வளவு வித்தியாசம் வரும்னு கேப்பீங்க. பகல் 31 டிகிரி, ராத்திரி 23 டிகிரி, அரை மேகம், இந்த ஊரோட சாதாரண ஜூலை நாள். வெப்பம், ஈரப்பதம், வெயில், காத்து நாலையும் வச்சு தண்ணித் தேவையைக் கணக்குப் போடறது பென்மன் மான்டீத் சூத்திரம். அதுல காத்து வேகம் பூஜ்யம்னு போட்டா ரெஃபரன்ஸ் ஈடி, அதாவது புல் மூடின நிலத்துல இருந்து ஒரு நாள்ல ஆவியாப் போற தண்ணி, 3.4 மி.மீ. வருது. பக்கத்துல ஒழுங்கா ஓடுற ஸ்டேஷன்ல இருந்த மாதிரி செகண்டுக்கு 5 மீட்டர்னு போட்டா 5.3 மி.மீ. காய் புடிக்கிற தக்காளிக்கு இதை 1.15-ஆல பெருக்கணும், அப்போ பயிருக்கு வேண்டியது 6.1, விட்டது 3.9. ஒரு மி.மீ.ங்கறது ஏக்கருக்கு 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அதாவது தெனமும் ஏக்கருக்கு 9,000 லிட்டர் கிட்ட கம்மியா போயிருக்கு, 19 நாள். இதுக்கு மேல கால்சியம் அடிச்சு என்ன ஆகப் போகுது, தண்ணி போனாத்தானே காய்க்கு கால்சியம் போகும்.

இப்போ எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற விஷயத்துக்கு வர்றேன். "டேட்டா இல்ல சார், அதான் ஜீரோ"ங்கறாங்க. இல்லைங்க. டேட்டா இல்லங்கறது வேற, ஜீரோங்கறது வேற. ஜீரோங்கறது ஒரு அளவு. காத்து ஜீரோன்னா நாள் பூரா இலை மேல ஒரு அசைவுகூட இல்லன்னு நீங்க அளந்து சொல்றீங்கன்னு அர்த்தம். ஈர வேட்டியை மூடின ரூம்ல காயப் போட்டுப் பாருங்க, அதே வேட்டியை மொட்டை மாடிக் கொடியில போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா? வெயில் கட்டத்துல ஜீரோ போட்டா அன்னைக்கு சூரியனே உதிக்கலன்னு அர்த்தம், காத்து மிதமா இருக்குற நாள்ல 4-க்கு மேல வர வேண்டிய ஈடி 2-க்கும் கீழ போயிடும். ஈரப்பதத்துல ஜீரோ போட்டா அப்படியே தலைகீழ், காத்துல பொட்டு ஈரம் இல்லன்னு ஆகி 6-க்கு மேல ஏறிடும், தோட்டம் முழுக்க சேறாகி வேரு அழுகும். ஒரே தப்பு, ஒரு கட்டத்துல செடியைக் காய வைக்குது, இன்னொரு கட்டத்துல மூழ்கடிக்குது. அந்தக் கட்டத்துல இருக்க வேண்டியது "தெரியல". தெரியாததை எப்படி நிரப்பறதுன்னு 1998-லயே வழி எழுதி வச்சுட்டாங்க, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட 56-ம் நம்பர் நீர்ப்பாசன வெளியீட்டுல. புதுசா யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், இருக்கறதைப் படிச்சா போதும்.

அதுல காத்து டேட்டா இல்லன்னா செகண்டுக்கு 2 மீட்டர்னு எடுத்துக்கச் சொல்றாங்க, உலகம் பூரா 2,000-க்கும் மேல ஸ்டேஷனோட சராசரி அது. ஜீரோவுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா அதையும் கண்ணை மூடிட்டுப் போடாதீங்க. அதே ஜூலை நாளுக்கு 2 போட்டா 4.3 வருது, நெஜம் 5.3. உடுமலை, பொள்ளாச்சி, கம்பம் பள்ளத்தாக்கு, ஆரல்வாய்மொழி இங்கெல்லாம் காத்து சீசன்ல 2 பத்தாது, போன வருஷம் இதே மாசம் உங்க ஸ்டேஷன்லயே என்ன இருந்துச்சோ அதை எடுத்துப் போடுங்க, இல்ல அதே கணவாய்க் காத்து வாங்குற பக்கத்து ஸ்டேஷன்ல கேளுங்க. தூரம் முக்கியமில்ல, அதே காத்தாங்கறதுதான் முக்கியம். மலைக்கு அந்தப் பக்கம் 15 கி.மீ.ல இருக்குற ஸ்டேஷனை விட இதே சமவெளியில 40 கி.மீ. தள்ளி இருக்கறது மேல். மழையை மட்டும் எங்கயும் கடன் வாங்காதீங்க, அது பக்கத்துக் காட்டுல பேஞ்சு நம்ம காட்டுல பேயாது.

யூனிட்டு! இதைச் சொல்லாம விட முடியாது. வெதர் ஆப்ல வர்றது மணிக்கு கி.மீ., அதுவும் 10 மீட்டர் உயரத்துக் காத்து. சூத்திரம் கேக்குறது செகண்டுக்கு மீட்டர், 2 மீட்டர் உயரத்துல. 12 கி.மீ.ன்னா 3.6-ஆல வகுத்து 0.75-ஆல பெருக்கணும், 2.5 வரும். 12-ஐ அப்படியே போட்டவங்களுக்கு 4.5 வர வேண்டிய இடத்துல 6.7 வந்திருக்கு, மூணு பேர் ஷீட்டுல என் கண்ணால பாத்தேன்.

ஈரப்பதம் இல்லன்னா ராத்திரி குறைஞ்சபட்ச வெப்பத்தையே பனிநிலை வெப்பமா, அதாவது காத்துல இருக்கற ஈரம் பனித்துளியா மாற ஆரம்பிக்கிற வெப்பமா எடுத்துக்கலாம். காலையில புல்லுல பனி இருக்குதா, அப்போ அது சரியா வரும். ஏப்ரல் மே மாசம் உள் மாவட்டங்கள்ல பனியே இருக்காது, அப்போ 2, 3 டிகிரி கழிச்சுக்குங்க. ராத்திரி பூரா காத்தடிக்கிற ஆடி மாசத்துலயும் அப்படித்தான். காலை எட்டரை மணி ஈரப்பதத்தை மட்டும் வச்சு முழு நாளுக்கும் கணக்குப் போடறாங்க, தயவுசெஞ்சு அதை விட்டுடுங்க, காலையில 85 இருக்கறது மத்தியானம் 45-க்கு வந்துடும், பயிரு தண்ணியைக் குடிக்கறது மத்தியானம்தான்.

வெயில் அளவுக்குப் பகல் ராத்திரி வெப்ப வித்தியாசமே போதும். மேகம் இருந்தா பகலும் ஏறாது ராத்திரியும் இறங்காது, வித்தியாசம் சுருங்கும், அதான் விஷயம். அந்த வித்தியாசத்தோட வர்க்கமூலத்தை 0.16-ஆல பெருக்கி காத்து மண்டலத்துக்கு மேல வந்து சேர்ற சூரியக் கதிர்வீச்சால (மேல்வானக் கதிர்வீச்சு) பெருக்கணும், கடலோரம்னா 0.19. நாகப்பட்டினத்துல கடக்காத்து பகலை ஏற விடாது, அங்க 0.16 போட்டா நல்ல வெயிலைக் கூட மேகமூட்டம்னு சொல்லிடும். நாசா பவர் தளத்துல தெனசரி வெயில் அளவு இலவசமா கிடைக்குது, அதையும் எடுத்துக்கலாம், ஆனா அங்கருந்து காத்தை எடுக்கறப்போ யோசிங்க, அவங்க நிலத்தைப் பிரிச்சிருக்குற ஒரு கட்டமே 50 கி.மீ.க்கு மேல இருக்கும், கணவாயும் மலையும் அதுல ஒண்ணாக் கரைஞ்சு போயிடும்.

வெப்பம் தவிர எதுவுமே இல்லையா, ஹார்கிரீவ்ஸ் சூத்திரம் இருக்கு. சராசரி வெப்பத்தோட 17.8 கூட்டி, வித்தியாசத்தோட வர்க்கமூலத்தால பெருக்கி, மி.மீ. கணக்குல மாத்துன மேல்வானக் கதிர்வீச்சாலயும் 0.0023-ஆலயும் பெருக்குங்க. ஏப்ரல்ல நம்ம அட்சரேகைக்கு அந்தக் கதிர்வீச்சு 15.5 மி.மீ., பகல் 36 ராத்திரி 24-ன்னா 5.9 வரும். தெனசரி எண்ணை நம்பி ஆடாதீங்க, குறைஞ்சது அஞ்சு நாள் சராசரி எடுங்க. காத்து சீசன்ல இது கம்மியாத்தான் காட்டும், ஏன்னா இதுக்குள்ள காத்தே கிடையாது. வெறும் மாச சராசரி வெப்பத்துல ஓடுற 1948-ம் வருஷத்து தார்ன்த்வெயிட் முறையை இன்னும் சில பேர் டிரிப்புக்குப் போடறாங்க, அது பெரிய பரப்போட தட்பவெப்பத்தைப் பிரிச்சுப் பாக்க வந்தது, உங்க வால்வைத் திறக்க இல்ல.

ஸ்டேஷன் இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். கான்கிரீட் மாடியிலயும் தகரக் கொட்டகை மேலயும் சென்சாரை வைக்காதீங்க, அது உங்க வயலை அளக்கல, தகரத்தை அளக்குது. வெயில் சென்சார் மேல காக்கா எச்சம், தூசி, வாரம் ஒரு தடவை ஈரத்துணியில தொடைங்க. சுத்தமான நீலவானம் இருக்குற நாள்ல அது மேல்வானக் கதிர்வீச்சுல முக்கால் பங்கு காட்டணும், ஏப்ரல்ல சதுர மீட்டருக்கு 38 மெகாஜூலுக்கு 28 கிட்ட. மாசம் பூரா ஒரு நாள்கூட 22-ஐத் தாண்டலன்னா வானத்தைக் குத்தம் சொல்லாதீங்க, சென்சாரைப் பாருங்க. காத்து வேகம் அளக்குற கிண்ணம் ஒரு மணி நேரம் சுத்தாம இருந்தா சரி, மூணு நாள் சுத்தலன்னா ஏறிப் பாருங்க.

நிரப்பின எண்ணை வேற கலர்ல போடுங்க. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். ஆறு மாசம் கழிச்சு அந்த ஷீட்டைத் தொறக்கறவனுக்கு எது அளந்தது எது அனுமானம்னு தெரியணும், சாஃப்ட்வேர் செய்யற தம்பிங்க காலிக் கட்டம் வந்தா விவசாயிக்கு ஒரு மெசேஜ் அனுப்பற மாதிரி வைங்க, "காத்து டேட்டா வரல"ன்னு மூணு வார்த்தை போதும்.

அந்தத் தோட்டக்காரர்கிட்ட வயரை மாத்தற வரைக்கும் செகண்டுக்கு 5 மீட்டர்னு கையால போடச் சொல்லிட்டு வந்தேன், தண்ணியை ஒரேயடியா கூட்டாம நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தச் சொன்னேன், திடீர்னு விட்டா இருக்கற காயும் வெடிச்சுடும். தெனமும் சாயந்திரம் டிரிப்பருக்குக் கீழ ஒரு ஜாண் தோண்டி மண்ணை உள்ளங்கையில புடிச்சுப் பாக்கச் சொல்லியிருக்கேன். கருத்த காயைத் திருப்ப முடியாது. மேல புதுசா விட்டிருக்குற ரெண்டு கொத்துப் பூ கொட்டாம நின்னுடுச்சுன்னு நேத்து போன் பண்ணாரு.