பத்து வருஷத்து ரொக்கத்தை இன்றைய ரூபாயில் எண்ணிப் பார்த்தால்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரு கம்பெனியின் பங்கு பி.இ. 8-க்குக் கிடைக்கிறதாம், லாபம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே இருக்கிறதாம், கடனும் பெரிதாக இல்லையாம். "இவ்வளவு மலிவாக இருந்தும் ஏன் ஒருவரும் சீண்ட மாட்டேன் என்கிறார்கள்? எனக்குத் தெரியாத எது அவர்களுக்குத் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் பி.இ., அது தெரிந்த கதை. வகுக்கிறோமே அந்த லாபம், அதற்குள் பணவீக்கம் எப்படிப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைத்தான் எனக்குச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஆண்டறிக்கையை நான் வாசிக்கிற விதமே மாறிப்போனது.

என் பெரியப்பா ஊரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புக். மினி ஆஃப்செட் மெஷினை 4 லட்சம் கொடுத்து வாங்கினார். பத்து வருஷம் உழைக்கும் என்று கணக்கு, ஆகவே வருஷத்துக்கு 40,000 ரூபாய் தேய்மானம். ஒழுங்கான மனிதர். சிவப்பு பைண்டு நோட்டில் 'மெஷின் கணக்கு' என்று தனியாக ஒரு பக்கம் போட்டு, வருஷம் தவறாமல் 40,000-ஐ ஒதுக்கிவிட்டுத்தான் மீதியை லாபம் என்று வீட்டுக்குக் கொண்டு வருவார். பத்தாவது வருஷம் மெஷின் ஓய்ந்தது. மை ஒரு ஓரத்தில் திட்டுத்திட்டாகவும் மறு ஓரத்தில் வெளுத்தும் விழுந்தது, மணமகன் பெயர் படிக்கும்படியாகவும் மணமகள் பெயர் புகை போலவும் வந்த ஒரு பத்திரிகைக் கட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நோட்டில் சரியாக 4 லட்சம் இருந்தது. புது மெஷின் விலை கிட்டத்தட்ட 8 லட்சம்.

விலைவாசி வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் 4 லட்சம் 7.87 லட்சமாகிவிடும், வேறு மர்மம் எதுவும் இல்லை. ஒதுக்கிய பணத்தை வட்டிக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வருஷா வருஷம் 40,000-ஐ அதே 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தாலும் பத்து வருஷ முடிவில் 5.5 லட்சம்தான் வந்திருக்கும், அதிலும் வட்டிக்கு வரி உண்டு. ஆக, பெரியப்பா லாபம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டு வந்ததில் ஒரு பகுதி லாபமே இல்லை. அது அந்த மெஷினின் சதை. கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சாப்பிட்டிருக்கிறோம், சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

காகிதத்திலும் இதே கதைதான். எப்போதும் ஐம்பது ரீம் கையிருப்பு வைத்திருப்பார். காகித விலை ஏற ஏற அதே ஐம்பது ரீமுக்கு அதிகப் பணம் முடங்கும். பழைய விலைக்கு வாங்கிய காகிதத்தைப் புது விலைக்கு அச்சடித்துக் கொடுக்கும்போது கணக்கில் லாபம் தெரியும், அந்த லாபம் அப்படியே அடுத்த லோடு காகிதத்துக்குப் போய்விடும்.

பெரிய கம்பெனிகளும் இப்படித்தான். பழைய விலையில் தேய்மானம், புது விலையில் விற்பனை, நடுவில் ஊதிப்போன லாபம். அமெரிக்காவில் 1970-களில் விலைவாசி பறந்தபோது இது பெரிய பிரச்சினையாகி, 1979-ல் பெரிய கம்பெனிகள் பணவீக்கத்தைக் கழித்த கணக்கையும் கூடவே காட்ட வேண்டும் என்று கணக்கியல் விதி கொண்டு வந்தார்கள். விலைவாசி அடங்கியதும் 1986-ல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டியிருக்கிறது.

அதற்கான கருவிதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, தமிழில் கட்டற்ற ரொக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த ரொக்கத்தில் மெஷின், கட்டடம் இவற்றுக்குக் கொடுத்ததைக் கழித்தால் மிஞ்சுவது. ஆண்டறிக்கையில் ரொக்க ஓட்ட அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கிறதே, பலரும் புரட்டிப் போய்விடுகிற பக்கம், இரண்டு எண்ணும் அங்கேயே கிடைக்கும். புது மெஷினுக்கு எட்டு லட்சம் கொடுத்தால் இங்கே எட்டு லட்சமும் கழியும். காகிதத்தில் முடங்கிய பணமும் கழியும்.

ஆனால் ஒரு வருஷத்து எண்ணை மட்டும் எடுத்தால் ஏமாந்து போவோம். மெஷின் வாங்கிய வருஷம் பள்ளமாக இருக்கும், வாங்காத வருஷங்கள் மேடாக இருக்கும். அதனால் பத்து வருஷத்தைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு வருஷ லாபத்தை நம்பாதே, பல வருஷச் சராசரியைப் பார் என்று பங்கு முதலீட்டுப் பாடத்தின் முன்னோடிகளான பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாட்டும் 1934-லேயே சொல்லிவிட்டார்கள். அதில் பணவீக்கத்தைக் கழித்து, பத்து வருஷச் சராசரி லாபத்தால் பங்குச் சந்தை முழுவதையும் அளக்கிற வழியை 1988-ல் பொருளாதார அறிஞர்கள் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் கொடுத்தார்கள். லாபம் இருந்த இடத்தில் ரொக்கத்தை வைத்து, சந்தைக்குப் பதில் ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டால் நம் கணக்கு தயார்.

சராசரி எடுக்கும் முன் ஒவ்வொரு வருஷத்து ரூபாயையும் இன்றைய ரூபாயாக மாற்றிவிட வேண்டும், அதுதான் முக்கியம். பத்து வருஷம் முன்னால் 60 கோடி ரொக்கம் வந்தது, இந்த வருஷம் 110 கோடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 83 சதவீத வளர்ச்சி. விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் அன்றைய 60 கோடி இன்றைய 98 கோடிக்குச் சமம். உண்மையான வளர்ச்சி பத்து வருஷத்துக்கும் சேர்த்தே 12.5 சதவீதம் போலத்தான், வருஷக் கணக்கில் 1.2 சதவீதம்.

இந்தக் கணக்கின் அழகை எனக்குக் காட்டியது ஒரு மிட்டாய்க் கம்பெனி. கலிபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ். வாரன் பஃபெட்டின் கட்டுப்பாட்டில் இருந்த புளூ சிப் ஸ்டாம்ப்ஸ் 1972-ல் இதை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த வருஷம் விற்பனை 3 கோடி டாலர், வரிக்கு முந்தைய லாபம் 50 லட்சம் டாலருக்குள், தொழிலை நடத்தத் தேவைப்பட்ட மூலதனம் 80 லட்சம் டாலர். 2007-ல் விற்பனை 38.3 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 8.2 கோடி, தேவைப்பட்ட மூலதனம் 4 கோடி. இவையெல்லாம் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள எண்கள்.

இதை நான் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து பணவீக்கம் கழித்துப் பார்த்தேன். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1972-ல் சராசரி 41.8, 2007-ல் 207.3. அதாவது விலைவாசி ஏறக்குறைய ஐந்து மடங்கு, துல்லியமாகச் சொன்னால் 4.96 மடங்கு. இப்போது 80 லட்சத்தை 4.96-ஆல் பெருக்குங்கள். 3.97 கோடி! 2007-ல் இருந்த மூலதனம் 4 கோடி. முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கம்பெனிக்குள் உண்மையான அர்த்தத்தில் கூடுதலாக ஒரு டாலர்கூடப் போடப்படவில்லை என்று சொல்லிவிடலாம். போட்ட 3.2 கோடியும் விலைவாசிக்குக் கட்டிய கப்பம், அதே கடாயையும் அதே கடையையும் அப்படியே வைத்துக்கொள்ள ஆன செலவு. அந்தக் காலத்தில் விற்ற மிட்டாயின் எடையோ 1.6 கோடி பவுண்டிலிருந்து 3.1 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விற்பனைத் தொகையைப் பணவீக்கம் கழித்துப் பார்த்தால் 2.6 மடங்கு. அப்படியானால் ஒரு பவுண்டு மிட்டாயின் விலை, விலைவாசியைத் தாண்டி இன்னொரு 33 சதவீதம் ஏறியிருக்கிறது, வாங்குகிறவர்களும் மறுக்காமல் வாங்கியிருக்கிறார்கள். நாலைந்து எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியின் முப்பத்தைந்து வருஷத்து உடம்பையே ஸ்கேன் எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. இடைப்பட்ட காலத்தில் மொத்தம் 135 கோடி டாலர் வரிக்கு முந்தைய லாபம், அதில் உள்ளே திரும்பிப் போனது அந்த 3.2 கோடிதான். சாதாரணமாக ஒரு கம்பெனிக்கு லாபத்தை இந்த அளவு உயர்த்த 40 கோடி டாலர் போல மூலதனம் தேவைப்பட்டிருக்கும் என்று பஃபெட்டே எழுதுகிறார். பெரியப்பாவின் அச்சகம் அந்தச் சாதாரண வகை.

சரி, மதிப்பு போடுவோம். ஒரு கம்பெனியின் பத்து வருஷச் சராசரி கட்டற்ற ரொக்கம், இன்றைய ரூபாயில், 80 கோடி. பணவீக்கம் போக வருஷத்துக்கு 1 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொள்கிறோம். பணவீக்கம் போக எனக்கு 7 சதவீதம் வருமானம் வேண்டும். வருஷா வருஷம் வந்துகொண்டே, கொஞ்சம் வளர்ந்துகொண்டும் இருக்கிற ரொக்கத்துக்கு இன்று என்ன தரலாம் என்றால், வேண்டிய வருமானத்திலிருந்து வளர்ச்சியைக் கழித்து, வருவதால் ரொக்கத்தை வகுக்க வேண்டும். ஏழிலிருந்து ஒன்று போனால் ஆறு. 80 கோடியை 6 சதவீதத்தால் வகுத்தால் 1333 கோடி. அதில் நிகரக் கடன், அதாவது கையில் உள்ள ரொக்கம் போக மீதிக் கடன், 133 கோடியைக் கழித்தால் 1200 கோடி. பத்துக் கோடி பங்குகள் இருந்தால் பங்குக்கு 120 ரூபாய். அவ்வளவுதான்.

இதையே பணவீக்கத்தையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். 5 சதவீதப் பணவீக்கம் என்றால் 80 கோடி அடுத்த வருஷ ரூபாயில் 84 ஆகும். எதிர்பார்க்கும் வருமானம் 1.07 பெருக்கல் 1.05, அதாவது 12.35 சதவீதம். வளர்ச்சி 1.01 பெருக்கல் 1.05, 6.05 சதவீதம். வித்தியாசம் 6.3. 84-ஐ 6.3 சதவீதத்தால் வகுத்தால் அதே 1333 கோடி! பணவீக்கம் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. ஆனால் பாதி மட்டும் சேர்த்தால் கதை கந்தல். ரொக்கத்தை இன்றைய ரூபாயில் வைத்துக்கொண்டு, வளர்ச்சியை 1 சதவீதம் என்றே விட்டுவிட்டு, வருமானத்துக்கு மட்டும் பேங்க் வட்டியையெல்லாம் பார்த்து 12 சதவீதம் என்று போட்டால் 727 கோடி வரும். நல்ல கம்பெனி பாதி விலைக்கு இறங்கிவிடும். 1979-ல் ஃப்ராங்கோ மோடிக்லியானி, ரிச்சர்ட் கோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தை முழுவதுமே இந்தத் தவறைத்தான் செய்துகொண்டிருக்கிறது, பங்குகள் இருக்க வேண்டிய விலையில் பாதிக்குத்தான் விற்கின்றன என்று வாதிட்டார்கள்.

நம் ஊரில் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வருமான வரிக்கு ஒரு செலவுப் பணவீக்கக் குறியீடு உண்டு, 2001-02-க்கு 100, 2024-25-க்கு 363. சுலபமாகக் கிடைக்கிறதே என்று பலர் இதையே எடுத்துவிடுகிறார்கள். அது நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டும் எண்ணுகிற குறியீடு, அதை வைத்தால் பழைய வருஷங்கள் இளைத்துப்போய் வளர்ச்சி கொழுத்துத் தெரியும். நுகர்வோர் விலைக் குறியீட்டை நேராக எடுங்கள்.

பத்து வருஷ எண்ணைத் தேடி எடுப்பதே நமக்குப் பெரும்பாடு என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். அமெரிக்கச் சந்தைக்கு 1871-லிருந்து விலை, லாபம், டிவிடெண்ட், விலைக் குறியீடு எல்லாவற்றையும் ஷில்லர் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார். இந்தியக் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு தொகுப்பை நம் பல்கலைக்கழகம் ஒன்று பொதுப்பணத்தில் உருவாக்கினால், ஆடம்பர மாநாடு பத்து நடத்துவதைவிட நம் மாணவர்களுக்கு அதிகப் பயன். அது இல்லாத இடத்தில்தான் ராசி, கிரகம், நட்சத்திரம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் சாமி கும்பிட்டு ஒரு பங்கு வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை, அது பண்டிகை. குரு பெயர்ச்சியைப் பார்த்துச் சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் போடச் சொல்கிறவரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. வங்கிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் போடாதீர்கள், அங்கே பணமே சரக்கு. வேகமாக வளர்கிற கம்பெனி புது ஆலை கட்டிக்கொண்டே இருப்பதால் கட்டற்ற ரொக்கம் குறைவாகத் தெரியும், அங்கே பழசைப் புதுப்பிக்க ஆன செலவையும் புதிதாக விரிவாக்க ஆன செலவையும் பிரித்துப் பார்க்க வேண்டும், கம்பெனிகள் அதைத் தெளிவாகச் சொல்வது குறைவு. தொழிலே மாறிவிட்ட கம்பெனிக்குப் பழைய பத்து வருஷம் எதையும் சொல்லாது. அப்புறம், 7-க்குப் பதில் 8 சதவீதம் எதிர்பார்த்தால் மேலே சொன்ன 1333 கோடி 1143 கோடியாகிவிடும், ஆகவே கடைசி ரூபாய் வரைக்கும் நம்பாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு வாங்க வேண்டும்.

திருப்பூர் வாசகருக்கு: உங்கள் கம்பெனியின் பத்து ஆண்டறிக்கையை எடுத்து, நிகர லாபத்தை ஒரு வரிசையிலும் கட்டற்ற ரொக்கத்தை ஒரு வரிசையிலும் எழுதி, இரண்டையும் இன்றைய ரூபாயாக்கிக் கூட்டுங்கள். ரொக்கம் லாபத்தில் கால் பங்குதான் தேறுகிறது, பத்து வருஷத்தில் புது ஆலை ஒன்றும் வரவில்லை, விற்ற சரக்கின் அளவும் ஏறவில்லை என்றால், உங்கள் பி.இ. 8 உண்மையில் 32. மற்றவர்கள் வாங்காததற்குக் காரணம் அங்கே இருக்கும். ரொக்கமும் லாபமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள், அந்தக் கம்பெனியை நானும் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறேன்.