மூளையில் தலைமடை எது, கடைமடை எது?

கல்லணையில் மதகுகள் திறந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் தண்ணீர் பிரிந்து ஓடத் தொடங்கும்போது, திருவையாற்றுப் பக்கத்து உழவரும் வேதாரண்யம் பக்கத்து உழவரும் ஒரே நாளில் ஒரே வேலையில் இறங்குவதில்லை. தலைமடைக்காரர் குறுவை நடுகிறார், அறுவடை முடிந்ததும் தாளடிக்கு வயலைத் தயார் செய்கிறார். கடைமடைக்காரர் பெரும்பாலும் ஒரு போகச் சம்பாவோடு, அதையும் நேரடி விதைப்பில் போட்டு, நிறைவு கொள்கிறார். மண்ணும் விதையும் ஒருபுறம் இருக்க, மதகிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே ஒரு வயலின் போக்கைப் பெரிதும் வகுத்துவிடுகிறது. கருவில் வளரும் மூளை எந்த இடத்தில் எதுவாக ஆவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளும் விதமும் ஏறத்தாழ இப்படித்தான். அதை விளக்கியவர்களில் முக்கியமானவர் மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நரம்பியல் ஆய்வாளர் சுபா டோலே.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. புரதம் செய்யும் குறிப்புகளைக் கொண்ட மரபணுக்களோ நம்மிடம் ஏறத்தாழ 20,000 தான். எனவே ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி முகவரி எழுதி வைக்க வழியில்லை. அதைவிடச் சிக்கலான செய்தி, எல்லாச் செல்களிலும் இருப்பது அதே மரபணுத் தொகுதி என்பதாகும். கண்ணுக்குப் பின்னால் உள்ள செல்லும் காதுக்கு மேலே உள்ள செல்லும் ஒரே புத்தகத்தையே வைத்திருக்கின்றன. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதில்தான் வேறுபாடு. அதைச் சொல்லும் வேலையைக் கருவின் சில இடங்களில் உள்ள சிறு செல் கூட்டங்கள் செய்கின்றன. அவை சுரக்கும் புரதங்கள் அக்கம்பக்கத்துத் திசுவில் கசிந்து பரவும்போது, அருகில் செறிவு கூடியும் தொலைவில் குறைந்தும் இருக்கும். செல்கள் அந்தச் செறிவுக்கு ஏற்பத் தம் மரபணுக்களில் சிலவற்றை இயக்கி, வேறு சிலவற்றை அடக்குகின்றன. இத்தகைய செல் கூட்டத்திற்கு அமைப்பாளர் என்று பெயர். ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பெமானும் அவருடைய மாணவி ஹில்டே மான்கோல்டும் ஒரு நீர்ப்பல்லிக் கருவிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டை இன்னொரு கருவில் ஒட்டி, அதைச் சுற்றித் தலை முதல் வால் வரையிலான இரண்டாவது உடலச்சே உருவாவதை 1924-இல் வெளியிட்டார்கள். ஒட்டிய துண்டு தானாக உடலாகிவிடவில்லை, பக்கத்திலிருந்த செல்களைத் தன் சொல்லுக்கு இணங்க வைத்தது என்பதே அந்தச் சோதனையின் உயிர்நாடி. மூளைக்குள் இப்படியோர் அமைப்பாளர் உண்டா என்ற கேள்வி அதன் பின்னும் நெடுங்காலம் நின்றது.

நினைவுகளைப் பதியவைப்பதிலும் வழி அறிவதிலும் இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, கடற்குதிரையைப் போலச் சுருண்டிருப்பதால் அந்தக் கிரேக்கப் பெயரைப் பெற்றது. கருவில் அது உருவாகும் இடத்தை ஒட்டி, பெருமூளையின் மேலடுக்கான புறணியின் ஓரத்தில் ஒரு குறுகிய செல் பட்டை ஓடுகிறது. துணியின் மடித்துத் தைத்த ஓரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து அதற்குக் கார்ட்டிக்கல் ஹெம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். தமிழில் அதைப் புறணிக்கரை என்று சொல்லலாம். வேட்டியின் ஓரமும் கரைதான், ஆற்றின் ஓரமும் கரைதான். இந்தப் பட்டைக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்பதால், மூலப் பெயரைவிட நம் சொல்லே எனக்கு நிறைவாகத் தோன்றுகிறது.

இந்தக் கரையிலிருந்து வின்ட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் சுரக்கின்றன. அவற்றில் வின்ட்-3ஏ என்ற ஒன்றை மட்டும் சுண்டெலிக் கருவில் இல்லாமல் செய்தால், பக்கத்துப் புறணி பெருமளவு வழக்கம்போல் இருக்க, ஹிப்போகாம்பஸ் மட்டும் ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வை எழுதியவர்களில் டோலேயும் ஒருவர். ஹிப்போகாம்பஸ் உருவாகப் புறணிக்கரை தேவை என்பது இதனால் தெளிவாயிற்று. ஆனால் தேவையாக இருப்பது வேறு, அமைப்பாளராக இருப்பது வேறு. பயிருக்குத் தண்ணீர் தேவை என்று காட்டிவிட்டால், எங்கே புது மதகு வைத்தாலும் அங்கே பயிர் விளையும் என்று ஆகிவிடாது.

இங்கேதான் எல்.எச்.எக்ஸ்-2 என்ற மரபணு வருகிறது. இது செய்யும் புரதம் டி.என்.ஏ.வின் மீது போய் அமர்ந்து பிற மரபணுக்களை ஆளும் வகையைச் சேர்ந்தது. பழ ஈயில் இதற்கு இணையான மரபணு கெட்டால் ஈக்கு இறக்கை முளைப்பதில்லை. சுண்டெலியில் இது இல்லாவிட்டால் கண் உருவாவதில்லை. வளரும் புறணி முழுவதிலும் இது இயங்குகிறது, புறணிக்கரையில் மட்டும் இயங்குவதில்லை. டோலேயின் ஆய்வகம் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவை முற்றிலும் இழந்த கருக்களில் புறணிக்கரை தன் எல்லையை மீறி அகன்று, புறணியாக வேண்டிய இடத்தையும் விழுங்கியிருந்தது. அப்படியானால் ஹிப்போகாம்பஸ் பெருத்திருக்க வேண்டும் அல்லவா? அதுவோ அறவே காணப்படவில்லை.

இதை இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். அகன்ற கரைக்கு அமைப்பாளராகும் ஆற்றலே இல்லை என்பது ஒன்று. ஆற்றல் இருந்தும், அதன் சொல்லைக் கேட்கத் தகுந்த இயல்பான புறணிச் செல்கள் மிஞ்சவில்லை, மதகு பெருத்து வயலே இல்லாமல் போயிற்று என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி என்பதைத் தீர்க்க, எல்.எச்.எக்ஸ்-2 உள்ள செல்களும் இல்லாத செல்களும் ஒரே மூளையில் கலந்திருக்கும் சுண்டெலிக் கருக்களை உருவாக்கினார்கள். 2008-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த அந்த முடிவை முதன்முறை படித்தபோது, படத்தை இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்க்க நேர்ந்தது. மரபணுவை இழந்த செல்கள் மற்றவற்றிலிருந்து பிரிந்து ஆங்காங்கே திட்டுகளாகக் கூடிப் புறணிக்கரையாக மாறியிருந்தன. ஒவ்வொரு திட்டின் அருகிலும் இருந்த இயல்பான செல்கள், புறணியின் வேறு பகுதியாக வேண்டியவை, ஹிப்போகாம்பஸாக வளர்ந்திருந்தன. ஒரே மூளைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஹிப்போகாம்பஸ்கள்! மாறியவை மரபணு கெடாத பக்கத்துச் செல்கள் என்பதால், 1924-இல் நீர்ப்பல்லிக் கருவில் கண்ட அதே நியாயம் இங்கும் நிலைநாட்டப்பட்டது. புறணிக்கரை ஓர் அமைப்பாளரே.

இந்த மரபணுவின் வேலை எத்தகையது என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. மூளையைக் கட்டும் மரபணு என்றதும் ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்லும் கட்டளையையே நாம் எதிர்பார்க்கிறோம். எல்.எச்.எக்ஸ்-2 செய்வதில் பெரும்பகுதி தடுப்பது: நீ கரையாகிவிடாதே, புறணியாக இரு என்று ஒவ்வொரு செல்லையும் பிடித்து நிறுத்துவது. அந்தப் பிடி தளர்ந்த இடமெல்லாம் கரையாகிறது. புறணியில் பின்னாளில் நரம்புச் செல் வகைகள் பிரியும் கட்டத்தில், இந்தப் புரதம் டி.என்.ஏ.வை இறுக்கிச் சுருட்டும் நு-ஆர்.டி. என்ற புரதக் கூட்டோடு இணைந்து சில மரபணுக்களை அடக்கி வைக்கிறது என்று அதே ஆய்வகம் 2017-இல் காட்டியது. மதகின் பலகையை இறக்குகிற வேலைதான் அது.

அதோடு பருவமும் முக்கியம். சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 19 அல்லது 20 நாட்கள். அதில் 10-ஆம் நாளை ஒட்டிய குறுகிய காலத்திற்குள் இந்த மரபணுவை நீக்கினால்தான் செல்கள் கரையாகின்றன. சற்றுத் தாமதித்து நீக்கினால் அவை கரையாவதில்லை. புறணியின் பக்கவாட்டுப் பகுதி, வாசனையை அறியும் பழைய வகைப் புறணியாக மாறுகிறது. இதை அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் டென்னிஸ் ஓ'லியரியின் குழு 2009-இல் கண்டது. இன்னும் தள்ளி, ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்கள் பிறந்துகொண்டிருக்கும் கட்டத்தில் நீக்கினால், அந்தப் பிறப்பு முன்கூட்டியே நின்று, துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன என்று டோலேயின் ஆய்வகம் 2011-இல் வெளியிட்டது. மரபணு ஒன்றே, நாள் மாறினால் அது சொல்வதன் பொருள் மாறுகிறது. நாற்றங்காலில் வயது கடந்து கிடந்த நாற்றைப் பறித்து நட்டால் தூர் கட்டாது என்பதை அறிந்த டெல்டாக்காரருக்கு, உயிருக்கு நாள் கணக்கு உண்டு என்பது புதுச் செய்தியாக இருக்காது.

மனிதக் கருவுக்கும் இந்தக் கணக்கு உண்டு, அதுவும் மிக முன்னதாகவே. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழல், கருவுற்று ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் தன் மாமியாரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லும் வேளையில், அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்திலிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்.எச்.எக்ஸ்-2 மரபணுவின், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு படிகளில் ஒன்று மட்டும் பழுதாகியுள்ள மனிதர்களைப் பற்றிய ஆய்வொன்று 2023-இல் வெளியானது. அவர்களிடம் காணப்பட்ட வளர்ச்சித் தாமதமும் பிற குறைபாடுகளும் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. எல்லோருக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. சுண்டெலியில் இரண்டு படிகளையும் நீக்கினால் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுவதை நினைத்துப் பார்த்தால், ஒரு படியின் இழப்பு நுட்பமான விளைவுகளைத் தருவதில் வியப்பில்லை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் இது காட்டுகிறது. மனிதக் கருவின் மூளையையே செல் செல்லாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற தொகுப்பு அந்த வகையைச் சேர்ந்தது. கருக்காலத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த மனித மூளைகளின் 5,132 வெட்டுப் படங்கள் அதில் உள்ளன, யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். புறணிக்கரை தன் சொல்லைச் சொல்லி முடித்த பிறகு நடப்பவை நிகழும் காலம் அது. 14-ஆம் வாரத்தை ஒட்டி மனிதக் கருவின் ஹிப்போகாம்பஸ் இன்னும் விரிந்த நிலையில், அகலத் திறந்த ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கிடக்கிறது. அடுத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் அந்தப் பள்ளம் ஒடுங்க, திசு உள்நோக்கி மடிந்து, கடற்குதிரை தன் வாலைச் சுருட்டிக்கொள்கிறது.