"பிள்ளையள் வெளிநாட்டிலதானே!"

போன மாதம் ஓர் அம்மா என் கந்தோருக்கு வந்திருந்தார், வயது 74. கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு சொப்பிங் பை, அதற்குள் மடிப்புகள் எல்லாம் கிழிகிற நிலையில் ஓர் உறுதி, அதாவது காணிப் பத்திரம். மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதிக் கொடுத்த உறுதி அது. "தம்பி, இதைத் திருப்பி என்ரை பேருக்கு எழுத ஏலுமோ?" என்று கேட்டார். ஏலாது. மருமகன் வெளிநாடு போகிற செலவுக்கு வீடு எப்போதோ விற்றாகிவிட்டது, மகள் குடும்பம் கனடாவில், மகன் பிரான்சில், அம்மா ஒன்றுவிட்ட தங்கை வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில்.

(உறுதி எழுதும்போது சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று நான் சொன்னால், "பிள்ளையிலை நம்பிக்கை இல்லையோ" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். நம்பிக்கை வேறு, உறுதி வேறு. சரி, அது இன்னொரு நாளைக்கு.)

என்னைக் கோபப்படுத்தியது வீட்டு விஷயம் இல்லை. இவர் உதவி கேட்டு அரச அலுவலகம் ஒன்றுக்கு மூன்று தரம் போயிருக்கிறார், மூன்று தரமும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பிள்ளையள் வெளிநாட்டிலதானே, பிறகென்ன?"

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், நம்மிடம் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அதன் 15ஆம் பிரிவில் உள்ளதை மேடைகளில் எல்லோரும் சொல்வார்கள், ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினம் வந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். அதே பிரிவின் அடுத்த பகுதியை யாரும் வாசிப்பதில்லை. பிள்ளைகள் இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தகுந்த தங்குமிட வசதியை அரசு வழங்க வேண்டும் என்கிறது அது. பிள்ளை ரொறன்ரோவில் இருந்தால் இது பொருந்தாது என்று அங்கே எங்கும் எழுதவில்லை.

தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தக் கொடுப்பனவு கேட்டுப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. பிள்ளை சாவகச்சேரியில் வேலை செய்தால் அது பயன்படும். பாரிஸில் இருப்பவரிடம் இங்கே பிறக்கும் ஒரு கட்டளையைக் கொண்டு காசு வாங்குவது எவ்வளவு பாடு என்பது தொழிலில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கதை இதுதான் என்கிறபோது, பிள்ளையைக் காட்டி அரசு விலகி நிற்பது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு சிக்கல், யாரிடம் போவது என்பது. சமூக சேவை மாகாணத்துக்குக் கொடுத்த விடயம், கைதடி அரச முதியோர் இல்லத்தை நடத்துவதும் மாகாண சமூக சேவைகள் திணைக்களம்தான். முதியோர் செயலகமோ மத்தியினுடையது. இரண்டு பக்க உத்தியோகத்தர்களையும் ஒரே பிரதேச செயலகக் கட்டிடத்துக்குள் காணலாம், ஆனால் வயது போன ஒரு மனுசிக்கு இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் என்ன வித்தியாசம் என்று யார் சொல்வது? "விதானையாரிட்டைக் கடிதம் வாங்கி வாங்கோ" என்று ஒருவர் சொல்ல, விதானையார் (கிராம அலுவலர்) கூட்டத்துக்குப் போயிருக்க, அன்றைய பஸ் காசு போச்சு.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 70 கடந்த வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாயாக்கினார்கள், நல்லது. ஆனால் கிளினிக்கில் இல்லாத மருந்துக்குத் துண்டு எழுதித் தந்தால், அந்த மருந்தும் போய்வர ஓட்டோவும் சேர்ந்து அதில் எவ்வளவை விழுங்கும் என்று கணக்குப் பாருங்கள். மாதாந்த உதவிப்பணத்துக்கு நம் ஊரில் இருந்த பெயரே 'பிச்சைச் சம்பளம்'. உரிமையாகக் கேட்க வேண்டியதை வெட்கப்பட்டுக் கேட்க வைத்த பெயர் அது.

ஆகவே வாயால் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது.

அந்த அம்மாவுக்கும் அப்படி ஒரு கடிதம்தான் எழுதினேன். சட்டத்தில் உள்ளபடியே 'பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்' என்று தட்டச்சுச் செய்து வாசித்துக் காட்ட, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கைவிட்டதெண்டு எழுதாதேங்கோ தம்பி. அதுகளும் அங்கை கஷ்டப்படுதுகள்."

அந்தச் சொல் இல்லாமல் விண்ணப்பம் நிற்குமா என்று எனக்குள் ஒரு யோசனை. பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தால்தான் ஒரு தாய்க்கு இடம் கிடைக்கும் என்றால், அந்த வாக்குமூலத்தை அவர் வாயில் வர வைக்காமல், நேரில் போய்ப் பத்தியைப் பார்த்து எழுத வேண்டியது உத்தியோகத்தர். 'பிள்ளைகள் வெளிநாட்டில், பராமரிக்க எவரும் இல்லை, நேரில் வந்து பார்வையிடவும்' என்று மாற்றினேன். கையெழுத்து வைத்துவிட்டுப் பிரதியையும் உறுதியோடு சேர்த்து அதே சொப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டார்.