மருந்தெதிர்ப்பு

கொடுத்த குளிசை கேட்காமல் காய்ச்சல் நீண்டால், "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்பார்கள் மட்டக்களப்பில். அந்த வாக்கியத்தின் முதற்சொல்லே பிழை. மருந்தை எதிர்த்து நிற்பது பக்டீரியா. உடம்புக்கு அதில் பங்கில்லை. 'பழகிவிட்டது' என்பதும் பொருந்தவில்லை. கோடிக்கணக்கான பக்டீரியாக்களுள் மரபணு மாறிய சில மருந்துக்குத் தப்புகின்றன. மற்றவை சாக, தப்பியவை பெருகுகின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக ஒரு பக்டீரியா தன் எதிர்ப்பு மரபணுவை இன்னொன்றுக்குக் கைமாற்றுவதும் உண்டு. வாங்குவது வேறு இனமாகவும் இருக்கலாம்.

ஆங்கிலத்தின் 'ரெசிஸ்டன்ஸ்' லத்தீன் வழி வந்தது. எதிர்த்து நிற்றல் என்பது பொருள். 'அன்டிபயோட்டிக்' கிரேக்க வேர்களால் ஆனது: 'அன்டி' எதிர், 'பயோஸ்' உயிர். மருந்தின் பெயராக அதை 1940களில் நிலைநிறுத்தியவர் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். தமிழில் மருந்தை 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்றும், அதற்குக் கிருமி அடங்காமையை 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்றும் எழுதுகிறார்கள். முடிச்சு விழுந்தது இங்கேதான். 'நுண்ணுயிர் எதிர்ப்பு அதிகரிக்கிறது' என்ற தலைப்பைப் படித்து ஒருவர் மகிழ்ந்தால் குற்றம் அவருடையதன்று. பாடநூலில் வரும் 'பிறபொருளெதிரி' இரண்டிலும் சேராது. அது நம் உடலே தயாரிக்கும் புரதம். 'மருந்தெதிர்ப்பு' என்று எழுதினால் எதிர்க்கப்படுவது எது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். வீட்டுப் பேச்சுக்கு 'மருந்துக்கு அடங்காத கிருமி' போதும்.

இந்தச் சொல்லின் கனம் தெரிய நெருப்புக் காய்ச்சலைப் பார்க்க வேண்டும். அதன் ஆங்கிலப் பெயரான 'தைபொயிட்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் புகையையும் மயக்கத்தையும் குறிக்கும். அவர்கள் புகையைக் கண்ட இடத்தில் நாம் நெருப்பைக் கண்டிருக்கிறோம்! கிருமி சல்மொனெல்லா டைபி. சல்மன் மீனுக்கும் அதற்கும் உறவில்லை. டேனியல் சல்மன் என்ற அமெரிக்கக் கால்நடை வைத்தியரின் பெயரை அது சுமக்கிறது. 1948இல் குளோரம்பெனிகோல் என்ற அன்டிபயோட்டிக் இந்தக் காய்ச்சலை அடக்கியது. 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்திலும் அதற்கு அடங்காத கிருமி பரவியது. 1980களின் இறுதிக்குள் அம்பிசிலினையும் கோ-டிரைமொக்சசோலையும் சேர்த்து எதிர்க்கும் வகைகள் வந்தன. பின்னர் சிப்ரோபுளொக்சசினும் தடுமாறியது. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத வகை தலைதூக்கியது. அதற்கு எதிராக விழுங்கும் மருந்துகளில் அசித்ரோமைசின்தான் மிஞ்சியது.

மாரி வெள்ளத்தில் கிணற்று நீரும் மலசலகூடக் குழியின் கசிவும் கலக்கக்கூடிய நம் கரையோர மணற்பூமிக்கு இது தூரத்துச் செய்தியன்று. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியும் சாகும்.

உணவு நஞ்சாவதில் கதை வேறு. சல்மொனெல்லாவின் பிற வகைகளாலோ கம்பைலோபக்டர் என்ற பக்டீரியாவாலோ வரும் வயிற்றோட்டம் பெரும்பாலும் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் குடித்து ஓய்வெடுத்தாலே தணிந்துவிடும். இரத்தம் கலந்து போனாலோ, கடும் காய்ச்சல் இருந்தாலோ வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். அன்டிபயோட்டிக் மனிதருக்கு மட்டும் போவதுமில்லை. கோழிகளுக்குக் கொடுத்த என்ரோபுளொக்சசினால் கம்பைலோபக்டரில் மருந்தெதிர்ப்பு கூடியதால், 2005இல் அமெரிக்கா அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது.

நெருப்புக் காய்ச்சல் சந்தேகத்தில் எடுக்கும் குருதி வளர்ப்புப் பரிசோதனையின் அறிக்கையில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் 'எஸ்' என்றிருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். 'ஆர்' என்றிருந்தால் மருந்தெதிர்ப்பு. அன்டிபயோட்டிக் தொடங்குமுன் குருதி எடுத்தால்தான் கிருமி வளர்ந்து அகப்படும் வாய்ப்பு அதிகம். பாமசியில் கேட்டு வாங்கிய நான்கு குளிசைகளை முதலில் விழுங்கிவிட்டுப் போனால் அந்த வரிசையே கிடைக்காமல் போகலாம்.